நாயுடு வாசலில் வைத்த வெற்றிலை

1

வழக்குப் போடுகிறவர் கோர்ட்டில் கொடுக்கும் தாளுக்குப் பிராது என்று பெயர். அதில் பத்திக்குப் பத்தி எண் போடுவார்கள். கொஞ்ச காலமாக வேறெதையும் படிக்காமல் அதையே படித்துக்கொண்டிருப்பதால் அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. கடைக்கு எழுதும் சீட்டில்கூட பாலுக்கு முன்னால் ஒன்று, வெங்காயத்துக்கு முன்னால் இரண்டு என்று போட்டுக்கொண்டு திரிகிறேன். ஆகவே இந்தக் குறிப்புகளுக்கும் எண் உண்டு. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம். விசாரணைக்கு எடுக்க நாளாகும்.

ஜெர்மனியின் நடுவில் காஸல் என்ற இந்த ஊருக்கு நான் வந்து இருபது வருடம் நிறைந்த அன்று மனைவி ரவா கேசரி கிண்டினாள். அதன்மேல் பாதாம் பருப்பால் இருபது என்று எழுதப் பார்த்தாள். இரண்டோடு பாதாம் தீர்ந்துவிட்டது. பூஜ்யம் இல்லாத அந்தக் கேசரியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஊத்துக்கோட்டையிலிருந்து வக்கீல் தாமோதரன் கூப்பிட்டார்.

"சார், பிசியா?"

"கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்."

"சாப்பிடுங்க சார், சாப்பிட்டுனே கேளுங்க. ஆப்போசிட் பார்ட்டி மனு போட்டுருக்கான். நம்ம கேஸ விசாரிக்கவே வேணாம், வாசல்லயே தூக்கிப் போட்டுடுங்கன்னு."

"எதற்கு?"

"நீங்க எழுதிக் குடுத்தீங்களே ஒரு பத்தி, அதுக்கு."

கேசரி அதற்குமேல் இறங்கவில்லை.

2

வழக்கு இதுதான். தேர்வாய் கண்டிகைக்குப் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்குக் கொஞ்சம் கழனி இருக்கிறது. அப்பா காலத்துக்குப் பிறகு பட்டா என் பெயரில், பாடு கஸ்தூரி அக்கா பெயரில். அது சரியா என்பது வேறு வழக்கு. நல்லவேளையாக அக்கா அதை இன்னும் போடவில்லை.

கழனிக்கு ஒரு பக்கம் ஏரி. இரண்டு பக்கம் கம்பெனிகளின் சுவர். ரோட்டுப் பக்கம் நாயுடுவின் மாந்தோப்பு. அந்தத் தோப்பின் ஓரமாகத்தான் எங்கள் வண்டிப்பாட்டை. எங்கள் தாத்தாவின் மாட்டு வண்டியும் அப்பாவின் ஏரும் அக்காவின் டிராக்டரும் அதில்தான் போயின. ஏரிக்கரை வழியாகவும் போகலாம், ஆனால் ஆள் மட்டும்தான் போகலாம், அதுவும் எதிரே ஆடு வராமல் இருந்தால்.

நாயுடு போய்ச் சேர்ந்தார். அவருடைய மகன்கள் தோப்பை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு ஆளுக்கொரு நகரத்துக்குப் போனார்கள். மாமரம் இருந்த இடத்தில் நீலத் தகரம் போட்ட குடோன் வந்தது. சுற்றிலும் சுவர். பாட்டை ஆரம்பிக்கும் இடத்தில் இரும்பு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு காவலாளி.

சென்ற முறை லீவில் போயிருந்தபோதுதான் இது நடந்தது. கம்பெனி ஆபீசில் போய்ப் பேசினோம். காபி கொடுத்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்து, "நீங்க ஜெர்மனில இருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு சார் இந்த வழி?" என்று கேட்டார். நான் கோபத்தில் வழக்குப் போட்டேன். அது அவ்வளவு கெட்ட கேள்வி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

பாட்டை எங்கள் உரிமை என்று தீர்ப்புக் கேட்டோம். தீர்ப்பு வரும்வரை கேட்டைத் திறந்துவிடச் சொல்லி ஓர் இடைக்கால மனுவும் போட்டோம். இப்போது அவர்கள் வழக்கையே தள்ளச் சொல்லி மனு போட்டுவிட்டதால், அதை முடிக்காமல் எங்கள் இடைக்கால மனுவைத் தொடமாட்டார்கள். வாய்தாவுக்குமேல் வாய்தா.

இதற்கு நடுவில் அக்கா நாற்று விட்டிருந்தாள். ரோட்டோரம் தெரிந்தவர் போர்செட் பக்கத்தில் ஒரு மூலை வாங்கி, சம்பா நாற்று. டிராக்டர் உள்ளே போய்ச் சேடை ஓட்டிச் சேறு கலக்கினால்தான் நடமுடியும். டிராக்டர் போகக் கேட் திறக்கவேண்டும். நாற்று கோர்ட் தேதி பார்த்து வளர்வதில்லை.

"நாத்து முத்திக்கினே போவுதுடா" என்றாள் அக்கா போனில். "இன்னும் கொஞ்ச நாள் போனா மாட்டுக்குத்தான் போடணும்."

"இந்த போகத்தை விட்டுவிடலாமாக்கா?"

"வுடலாம். வுட்டா அவன் இன்னா சொல்லுவான்? பயிரே வெக்கல, உனக்கு இன்னாத்துக்கு வழின்னு கேப்பான். அப்புறம் உன் வக்கீலு இன்னா சொல்லுவாரு?"

வக்கீலிடம் கேட்டேன். அதையேதான் சொன்னார், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

3

இனி அந்தப் பத்தி.

வக்கீல் தயாரித்த பிராது வறட்டுப் பிராது. சர்வே எண், நான்கு எல்லை, பாட்டையின் அகலம், முப்பது நாற்பது வருடமாகத் தடையில்லாமல் போய்வருகிறோம், வேறு வண்டிவழி இல்லை, அவ்வளவுதான். புத்தகம் படிக்கிறவன் என்று ஊரில் பெயரெடுத்த ஒருவன் இதில் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? இதில் உயிர் இல்லையே என்றேன். "கேஸுக்கு உயிர் இருந்தா போதும் சார், தாளுக்கு எதுக்கு?" என்றார் தாமோதரன். நான் விடவில்லை. அவர் டைப் அடிப்பவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்தாவது பத்தி ஒன்றை நானே சொல்லிச் சேர்த்தேன்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. போகத்தின் முதல் ஏர் இறங்கும் அன்று, அடுத்த நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வருவது. அப்பா தட்டோடு நாயுடு வீட்டு வாசலில் நிற்பார். "நைனா, ஏர் கட்றோம்" என்பார். நாயுடு ஒரே ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு தெலுங்கில் போய்வா என்பார். ஏர் கிளம்பும். நாயுடுவின் மடைத்தண்ணீர் எங்கள் வரப்பு வழியாகப் போகும். அதைத் திறக்கும் அன்று நாயுடு எங்கள் வாசலுக்கு வெற்றிலையோடு வருவார். அப்பா ஒன்று எடுத்துக்கொள்வார். இவ்வளவுதான் விஷயம்.

இதை நான் எப்படி எழுதினேன்? தண்ணீரை விட்டுவிட்டேன், பத்தி நீளமாகிறது என்று. பாக்கியை இப்படி அழகுபடுத்தினேன்: "ஆண்டுதோறும் என் தந்தையார் தாம்பூலத்துடன் அன்னாரின் இல்லம் சென்று, அவருடைய சொல்லைப் பெற்ற பின்னரே எங்கள் ஏர் அப்பாட்டையில் அடியெடுத்து வைக்கும்." எழுதி முடித்து டைப் அடிப்பவரைப் பார்த்தேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டிருந்தார். அதையாவது ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

"சார், இப்ப பாருங்க" என்றார் வக்கீல் போனில். "பாட்டை நம்ம உரிமைன்னா, யாரையும் கேக்காம போயிருக்கணும். கேட்டுக் கேட்டுப் போனா அது உரிமை இல்ல, அவன் குடுத்த பர்மிஷன். குடுத்தவன் நிறுத்தலாம். நாயுடு குடுத்தாரு, கம்பெனி நிறுத்திச்சு. நீங்களே உங்க வாயால கேட்டுட்டுத்தான் போனோம்னு எழுதிட்டீங்க. அப்ப கேஸே இல்லையே, தள்ளுங்கன்றான்."

"அது மரியாதைக்குச் செய்வது, அனுமதி இல்லை."

"எனக்குத் தெரியும். எங்க ஊர்லயும் வெப்பாங்க. ஆனா நீங்க எழுதுனது மரியாதை மாதிரி இல்லயே. மகாராஜா கிட்ட வரம் வாங்குன மாதிரி இருக்குதே."

இத்தனை வருடத்தில் என் நடையைப் பற்றி வந்த நேர்மையான விமர்சனம் அதுதான்.

அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். அது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியும்.

"ஏன்டா, ஒரு வருசம் நைனா குடும்பத்தோட திருப்பதி போய்ட்டாரு, ஊடு பூட்டிக் கெடக்குது. அப்பா இன்னா பண்ணாரு? ஏர நிறுத்திட்டாரா? வெத்தலைய வாசப்படியில வச்சி, காத்துல பறக்காம மேல ஒரு கல்ல வச்சிட்டு, ஏர ஓட்டிக்கினு போய்ட்டாரு. சாயங்காலம் அந்த வெத்தலைய ஆடு துன்னுச்சு. ஆட்டுக்கிட்டயா பர்மிஷன் வாங்குனோம்?"

எனக்கு உயிர் வந்தது. உடனே வக்கீலுக்கு எழுதினேன். அவர் பதில்: "பிரமாதம் சார். ஆனா இந்த மனுவுக்கு யூஸ் இல்ல. ஆட்டை ட்ரயல்ல பாத்துக்கலாம்."

4

ஏன் யூஸ் இல்லை என்பதை அவர் விளக்கியது எனக்குப் பல நாள் தொந்தரவாக இருந்தது.

வழக்கைத் தள்ளச் சொல்லும் மனு வந்தால் நீதிபதி சாட்சி கேட்கமாட்டார், பிரதிவாதி சொல்வதையும் பார்க்கமாட்டார். பிராதை மட்டும் கையில் எடுப்பார். அதில் நீ எழுதியிருப்பது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வார். வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். சரி, எல்லாம் உண்மைதான், அதனால் என்ன? அதற்குப் பிராதிலேயே பதில் இருக்கவேண்டும். அந்தப் பதிலுக்குப் பழைய வக்கீல்கள் வியாஜ்ய மூலம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மூலம் இல்லாத வியாஜ்யம் வாசலோடு சரி.

நான் பொய் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் சண்டை போடலாம். நீ சொல்வதெல்லாம் நிஜம், இருந்தாலும் ஒன்றுமில்லை என்பவனிடம் என்ன செய்வது?

வேலைக்குப் போகும் டிராமில் நான் என்னையே பிராதாக வைத்துப் பார்த்தேன். இருபது வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், உண்மை. குப்பையை நான்கு நிறத் தொட்டியில் பிரித்துப் போடுகிறேன், உண்மை. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பதால் சுவரில் ஆணி அடிப்பதில்லை. ஊரில் நிலம் இருக்கிறது, அதில் என் கால் பட்டு வெகுகாலம். பால்கனித் தொட்டியில் கொத்தமல்லி போட்டு, அதுவும் பூத்துப் பாழாகிறது. எல்லாம் உண்மை. அதனால் என்ன?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டியவன் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

அன்று மேலாளரிடம் லீவு விஷயமாகப் பேசப் போனேன். அக்காவுக்குப் பவர் பத்திரம் எழுத ஃபிராங்க்ஃபுர்ட் போகவேண்டும் என்பதை இலக்கண சுத்தமான ஜெர்மனில் சொல்ல நினைத்து, எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லி மூச்சு வாங்கினேன். அவர் முகம் வெளுத்தது. கம்பெனிமேல் கேஸ் போடப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். கதவைச் சாத்தினார், தண்ணீர் கொடுத்தார், என்ன குறை இருந்தாலும் பேசித் தீர்க்கலாம் என்றார். நான் நாயுடு, வெற்றிலை, ஆடு என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. கடைசியில், "அந்த நாயுடு என்பவர் நகராட்சி அதிகாரியா?" என்று கேட்டார். லீவு கிடைத்தது.

5

பதில் மனுவில் நான் கையெழுத்துப் போடவேண்டும், இல்லை எனக்காக ஒருவர் போடவேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் பறந்துபோக முடியாது. அதனால் அக்காவுக்குப் பவர். அதை ஃபிராங்க்ஃபுர்ட்டில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் இரண்டு சாட்சிகளோடு போய் எழுதித் தரவேண்டும். மனைவியும் மகள் மதியும் சாட்சி. குடும்பத்தோடு எங்கேயாவது போய் நாளாயிற்று, சுற்றுலா மாதிரி தயிர்சாதம் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம்.

கவுண்டரில் முதல் கேள்வி குடும்பப்பெயர் என்ன என்பது. என் பெயர் சேகர், அப்பா பெயர் முனுசாமி. இந்த நாட்டில் இறங்கிய அன்றே முனுசாமி குடும்பப்பெயர் ஆகிவிட்டது. டாக்டரிடம் முனுசாமி, வங்கியில் முனுசாமி. பக்கத்து வீட்டு அம்மாள் படிக்கட்டில் பார்த்தால் திரு. முனுசாமி, நல்ல வெயில் என்பாள். இங்கே என்னை எல்லாரும் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஊத்துக்கோட்டைச் சந்தைக்கு மேற்கே போகாதவர்.

பத்திரத்தை மதி வாசித்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தடுக்கும். இங்கிலீஷ் நகலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இந்த வழியில நான் நடந்திருக்கேனா?"

"உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அழுதாய்."

"எதுக்கு?"

"சேறு."

"இங்க காட்டுக்குள்ள யார் வேணா நடக்கலாமே. அங்க கூடாதா?"

"அங்கேயும் நடந்தோம். இப்போது கேட் போட்டுவிட்டார்கள்."

"அத்தை ஏன் தாத்தா மாதிரி அவங்ககிட்ட போய் பேசக்கூடாது?"

"அப்படிப் பேசினதாக நான் எழுதித்தான் இத்தனை பாடும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். ரயிலில் திரும்பும்போது தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, நான் அக்டோபர்ல லைப்சிக் போறேன். ரூம் பாத்துட்டேன். படிப்பும் அங்க மாத்திட்டேன்."

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

"கேட்கலாமே, ஒரு வார்த்தை" என்றேன்.

"சொல்றேனே" என்றாள் மதி.

அவள் குரலில் எதிர்ப்பு இல்லை. உண்மையாகவே அவளுக்கு வித்தியாசம் புரியவில்லை. நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பையில் அப்போதுதான் முத்திரை குத்திய பத்திரம் இருந்தது. சொல்வது கேட்பது ஆகாது என்று ஊத்துக்கோட்டை கோர்ட்டில் வாதாடுவதற்காக அக்காவுக்கு நான் கொடுத்த அதிகாரம்.

அந்த வாரமே மதி நகராட்சியில் போய் முகவரி மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து ஒரு தாளோடு வந்தாள். இந்த நாட்டில் வீடு மாறினால் நகராட்சிக்குப் போய்ச் சொல்லவேண்டும். இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போகிறேன் என்று. நாட்டைவிட்டே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். சொல்லாமல் போனால் அபராதம். ஆனால் போகாதே என்று அவர்கள் சொல்ல முடியாது. முத்திரை குத்தி, போய்வாருங்கள் என்று தாளைக் கையில் கொடுப்பார்கள். கொடுத்தே ஆகவேண்டும்.

மதியின் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாயுடு ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்வது ஞாபகம் வந்தது.

6

வக்கீலுக்கு எழுதினேன். நீளமாகத்தான். ஜெர்மானிய நகராட்சி நடைமுறை, அறிவிப்புக்கும் அனுமதிக்கும் உள்ள தத்துவ வேறுபாடு, நம் மொழியில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன் போய்வருகிறேன் என்று சொல்கிறானே தவிர போகலாமா என்று கேட்பதில்லை என்பது, எல்லாம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு கூப்பிட்டார். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் நிற்கிறார் போல, பின்னால் ரயில் அறிவிப்பு.

"சார், படிச்சேன். ட்ரெயின்ல வரும்போது படிச்சேன், நம்ம ஸ்டேஷன் தாண்டிப் போயிட்டேன்."

"அவ்வளவு நன்றாக இருக்கிறதா?"

"அவ்வளவு நீளம் சார். ஒண்ணு சொல்றேன் தப்பா நினைக்காதீங்க. ஜெர்மனி முனிசிபாலிட்டிய ஊத்துக்கோட்டைக்குக் கொண்டாராதீங்க. ஜட்ஜம்மா முன்னாடி எனக்கு நாளைக்கும் கேஸ் இருக்குது."

"அப்படியென்றால் எதுவுமே உதவாதா?"

"ஒரு வரி உதவும். அத எடுத்துக்கிட்டேன்."

பதில் மனு இரண்டு பக்கம். அதில் என்னுடையது ஒரு வாக்கியம். பாக்கியெல்லாம் அவருடைய வறட்டு நடை. அதன் அழகு எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிராதை முழுதாகப் படிக்கவேண்டும், நடுவில் ஒரு பத்தியைப் பிடுங்கிப் படிக்கக்கூடாது. நாலாம் பத்தியில் தடையில்லாமல் போய்வந்தோம் என்று இருக்கிறது. ஆறாம் பத்தியில் வேறு வண்டிவழி இல்லை என்று இருக்கிறது. ஐந்தாம் பத்தியில் தாம்பூலம் இருக்கிறது. பிறகு முதலில் என் வரி, தொடர்ந்து அவருடையது: "அண்டை நிலத்தாரிடம் சொல்லிவிட்டுச் செல்வது அனுமதி கேட்பது ஆகாது. தாம்பூலம் எதற்காக வைக்கப்பட்டது என்பது சாட்சியத்தால் தீரவேண்டிய விஷயம். பிராதை வாசித்துத் தீரக்கூடியதல்ல."

"இன்னொண்ணு சார்" என்றார். "உங்க அக்காகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. கேஸ் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் யாருக்கும் வெத்தலை பாக்கு வெக்கக் கூடாது. கோயில்ல குடுத்தாக்கூட அந்தப் பக்கம் திரும்பிக் குடுக்க வேணாம். அவன் போட்டோ எடுத்து ஒட்டிடுவான்."

அக்காவிடம் சொன்னேன்.

"சரிடா" என்றாள். அவள் இவ்வளவு சுருக்கமாகச் சரி சொன்னால் அது சரி இல்லை என்று அர்த்தம். நான் மறந்துவிட்டேன்.

7

உத்தரவு வந்தது. வழக்கைத் தள்ளச் சொன்ன கம்பெனியின் மனு தள்ளுபடி.

வக்கீல் உத்தரவைப் படமெடுத்து அனுப்பினார். தாம்பூலத்தின் நோக்கம் குறித்து இந்த நிலையில் எந்த முடிவுக்கும் வரமுடியாது என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். நீதிமன்றம் ஒன்று எங்கள் வெற்றிலையைப் பற்றி முடிவு சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஜெயிச்சிட்டமா?"

"இல்லக்கா. தோற்கவில்லை."

"அப்டின்னா?"

"வழக்கு உயிரோடு இருக்கிறது. இனிமேல்தான் விசாரணை. கேட்டைத் திறக்கச் சொல்லும் மனுவுக்கு அடுத்த வாய்தா."

"அதுக்குள்ள நாத்து?"

சொன்னதெல்லாம் உண்மை, அதனால் என்ன என்று கேட்கிற இடத்துக்கே திரும்ப வந்திருந்தோம். அக்கா, "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டாள். தின்றேன் என்றேன். வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆபீஸ் சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்கோடு உட்கார்ந்திருக்கும்போது அவளே கூப்பிட்டாள். பின்னால் பெரிய இரைச்சல்.

"என்னக்கா சத்தம்?"

"டிராக்டருடா."

"எங்கே?"

"நம்ம கழனில. சேடை ஓட்டிக்கினு கீறாங்க."

முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "எப்படி உள்ளே போனது?"

"கேட்டு வழியாத்தான். ஏரிக்கரையில டிராக்டரு நடக்குமா?"

"பூட்டு?"

"தொறந்தான்."

"யார்?"

"வாட்ச்மேன். புது ஆளு. இந்திக்காரன். நம்ம வயசு இருக்கும். பாவம், ரெண்டு மாசமா அந்தத் தகர ஷெட்டுல ஒண்டிக்கினு கீறான், பேசக்கூட ஆள் இல்ல."

"அக்கா, நீ அவனிடம் என்ன சொன்னாய்?"

"இன்னா சொல்லுவாங்க. ஏர் கட்றோம்பான்னேன்."

"அவனுக்குத் தமிழ் தெரியாதே."

"தெரியாதுதான். பேந்தப் பேந்த முழிச்சான். அப்புறம் தட்ட நீட்டனேன்."

"எந்தத் தட்டு?"

"அப்பா தட்டுடா."

"அக்கா, வெற்றிலை வைத்தாயா?"

"வெக்காம எப்டிடா மொத ஏர எறக்குறது? அப்பா ஆட்டுக்கே வெச்சாரு. அவன் பாத்தான். ஒரு வெத்தலைய எடுத்தான், காம்ப கிள்ளனான், பாக்க உள்ள வெச்சி மடிச்சி வாயில போட்டுக்கினான். நம்மாளு மாதிரியே. அவங்க ஊர்லயும் இருக்குது போல. அப்புறம் சாவிய எடுத்தான்."

"வக்கீல் படித்துப் படித்துச் சொன்னாரே, யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது என்று."

"யாரு கேட்டா?" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை, டிராக்டருக்குமேல் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "கேக்கலடா. சொல்லிக்கினு போனேன்."

8

நட்டாகிவிட்டது. முத்தின நாற்று கொஞ்சம் போயிற்று, மற்றது வேர் பிடித்துவிட்டது என்கிறாள். கேட்டில் இப்போது பெரிய பூட்டு, மேலே இருந்த கேமராவுக்குத் துணையாக இன்னொன்று. கம்பெனிக்காரர் அக்கா தட்டு நீட்டிய காட்சியைப் பழைய கேமராவிலிருந்து எடுத்துக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார், பார்த்தீர்களா இன்றும் அனுமதி கேட்டுத்தான் போகிறார்கள் என்று. தாமோதரன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு யோசித்து, காவலாளி வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னார். "இதை நானும் யூஸ் பண்ணலாம் சார். எப்படின்னு தெரியல. பண்ணலாம்."

விசாரணையில் முதல் சாட்சி நான். பட்டாக்காரன் கூண்டில் ஏறாமல் முடியாது. கடைசியாக எப்போது அந்தப் பாட்டையில் நடந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றும், அதற்கு வர்ணனை இல்லாமல் பதில் சொல்லவேண்டும் என்றும் வக்கீல் எச்சரித்திருக்கிறார். மதியின் அறை காலியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன். வர்ணனை இல்லாமல் சொன்னால் அந்தப் பதில் மிகவும் சின்னதாக இருக்கிறது.

பயிர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அறுப்பு மெஷின் உள்ளே போகவேண்டும், நெல் வெளியே வரவேண்டும். அதற்குள் கேட் திறக்க உத்தரவு வருமா என்று யாருக்கும் தெரியாது. "அறுப்புக்கு முந்தி வந்து சேரு. பட்டாக்காரன் நின்னா பேச்சு வேற" என்கிறாள் அக்கா. டிக்கெட் போட்டிருக்கிறேன்.

நேற்று அவளிடம் கேட்டேன், அந்தக் காவலாளி என்ன ஆனான் என்று. எத்தனையோ நாளாகக் கேட்கவேண்டும் என்றிருந்து கேட்காமலே இருந்தேன்.

"அவனா. அன்னிக்கே ஆபீசுல கூப்ட்டு ஏசுனாங்களாம். அப்புறம் வேலைய வுட்டே எடுத்துட்டாங்க. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேற எங்கியோ பாத்துக்கினு போய்ட்டான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்தான்டா. நான் கழனில களை எடுத்துக்கினு கீறேன், பையத் தூக்கிக்கினு ஏரிக்கரை மேலயே வந்தான், அவ்ளோ தூரம் சுத்திக்கினு. மேல நின்னு இன்னாமோ சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"இந்தில சொன்னான், எனக்கு இன்னா தெரியும். கைய கும்மிடிப்பூண்டிப் பக்கம் காட்டனான், தலைய ஆட்டனான். நானும் ஆட்டனேன்."

போனை வைக்கும் முன், "சொல்லிக்கினுதான்டா போனான்" என்றாள்.